ஆசிட் ஷெட்டின் சிவப்பு பட்டன்

எங்கள் கம்பெனி கேன்டீனில் டீ நன்றாக இருக்கும் ஐயா. இஞ்சி தட்டிப் போடுவார்கள். தொல்லை அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

என் பெயர் அன்புராஜ். கவரைப்பேட்டையிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறேன். இந்தக் கம்பித் தொழிற்சாலையில் இன்டர்நெட் போன் முழுவதும் என் பொறுப்பு. செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் பதினெட்டு வயர்லெஸ் ஹேண்ட்செட் வாங்கினோம். ஒவ்வொன்றையும் நானே சர்வரில் சேர்த்து, எண் கொடுத்து, பெயர் ஒட்டினேன். ஒருவரும் மதிக்கவில்லை. ஈரக் கையோடு எடுத்தார்கள். ஒருவன் அதை வைத்து பாதாங்கொட்டை உடைத்தான். எனக்கு வயிறு எரியாதா?

ஹேண்ட்செட்டின் தலையில் ஒரு சிவப்பு பட்டன் உண்டு. அமுக்கினால் முதலுதவி அறையில் மணி அடிக்கும். அங்கே நர்ஸ் ரோசம்மாள் ஆக்சிஜன் சிலிண்டரோடு இருப்பார். கேன்டீன் அவருக்குப் பக்கத்து அறை. கம்பெனியின் மறுகோடியில், கம்பியை ஆசிட் தொட்டியில் முக்கிக் கழுவும் ஆசிட் ஷெட்டின் சூப்பர்வைசர் ஸ்டீபன், பதினொரு மணியானால் சிவப்பு பட்டனை அமுக்கி, டீ அனுப்பச் சொல்லும்படி ரோசம்மாளிடம் கேட்க ஆரம்பித்தான். முதலில் இரண்டு முறை அவர் போனை எடுக்கக்கூட நிற்காமல், சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு ஓடிப்போய் ஏமாந்து திரும்பினார்.

கேட்டதற்கு ஸ்டீபன் சிரித்தான். "கேன்டீனுக்கு நாலு நம்பர் அமுக்கணும். இது ஒரே பட்டன். இதுக்குப் போயி இன்னாண்ணே பேஜாரு பண்ற?"

மேனேஜர் பரசுராமன் என்னைத்தான் கூப்பிட்டுத் திட்டினார். "போன ஒயுங்கா செட் பண்ணத் தெரில. நீயெல்லாம் இன்னாத்துக்குய்யா ஐடி?"

ஆறு மாதம் இப்படியே போயிற்று. கடைசியில் ஒரு சாயங்காலம், ஆசிட் ஷெட்டின் சிவப்பு பட்டனை மட்டும் என் மேஜை போனுக்கு மாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. மூன்று நாள் பதினொரு மணிக்கு அடித்தது. எடுக்கவில்லை. ரோசம்மாளுக்குக் கோபம் போலிருக்கிறது என்று நினைத்து, ஸ்டீபன் டீக்கு ஆள் அனுப்பிக்கொண்டான்.

அடுத்த நாள் புதன்கிழமை. பதினொன்று ஐந்துக்கு அடித்தது. விட்டேன். உடனே மறுபடி அடித்தது. டீ கேட்கிறவன் ஒரு முறைக்கு மேல் அடிக்க மாட்டான். மூன்றாவது முறையே இது டீ இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அப்போது எடுத்திருந்தால், விடாமல் அமுக்கினால் வேலை நடக்கும் என்று பழகிவிடுவார்கள். எதிர் ஜன்னலில் ரோசம்மாள் பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது.

ஏழாவது முறை எடுத்தேன். ஸ்டீபன்தான்.

"யக்கா, நம்ம ஷெட்டு ஆளு சின்னதுரை தொட்டியாண்ட மயங்கி உழுந்துட்டான். மூச்சு இழுக்குது. சிலிண்டர எட்த்துகினு ஓடியாக்கா."

"நான் அன்புராஜ். இனிமே டீக்கு இத அமுக்குவியா?"



"மாட்டேண்ணே. உன் கால்ல உழுவுறேன், அக்காவ அனுப்புண்ணே."

எனக்கு நிம்மதியாக இருந்தது. செட்டிங்கைப் பழையபடி மாற்றினேன். அது பதிய, ஹேண்ட்செட் தானாக அணைந்து மறுபடி எழ நான்கு நிமிடம் ஆனது. அதன் பிறகு ரோசம்மாளிடம் சொன்னேன். வேலையைப் பாதியில் விட்டு எழுகிற பழக்கம் எனக்கில்லை. ஆம்புலன்ஸ் ரயில்வே கேட்டைத் தாண்டுவதற்குள் சின்னதுரை இறந்துபோனார்.

கம்பெனியில் எல்லோர் முன்னாலும் பட்டனை அமுக்கிப் பார்த்தார்கள். முதலுதவி அறையில் சரியாக அடித்தது. அன்புராஜ்தான் எடுத்தார் என்று ஸ்டீபன் அழுதான். பொய் சொல்கிறான் என்று அவனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அழைப்புப் பதிவு என்னிடம் இருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

நேற்று உங்கள் விசாரணை அறிக்கையைப் படித்தேன். 'போன் கருவியில் கோளாறு இருந்திருக்கலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பதிவை இதோ கொண்டுவந்திருக்கிறேன். அந்த வரியை அடித்துவிடுங்கள் ஐயா. கருவியில் ஒரு கோளாறும் இல்லை. ஏழு முறையும், நான் செட் பண்ணியபடி, என் மேஜையில்தான் அடித்தது.