மாட்டு வண்டிக்குப் போன சக்கரங்கள்

பாகூரிலிருந்து வில்லியனூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தவர் பளபளக்கும் கார் சக்கரம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த கூட்டாளியிடம் சொன்னார்:

"தங்கச்சி கல்யாணத்துக்கு காரு ரெடிபா. ஓடாது, அவ்ளோதான்."

"இன்னா ஆச்சி?"

"பிரெஞ்சுக்காரன் காலத்து காரு. அழகா இருக்கட்டுமேன்னு மெட்ராஸ்லேர்ந்து புதுச் சக்கரம் நாலு வாங்கியாந்தேன். பின்னாடி மாட்டிப் பாத்தேன், நல்லா உக்காந்துச்சி. முன்னாடி பிரேக் டிரம் பெருசு. சக்கரம் அதுல முட்டிக்கினு சுத்தவே மாட்டேங்குது."

"வாஷர் வச்சி வெளிய தள்ளிப் பாரு."

"தள்ளுனா நட்டு புடிக்கல. மாதா கோயிலுக்குப் பொண்ணு ஒரு பக்கம் போவும், சக்கரம் ஒரு பக்கம் போவும்."

"பழசயே மாட்டிக்க வேண்டியதுதான?"

"முன்னாடி மாட்டிப் பாக்கறதுக்குள்ள, பழைய நாலையும் உறுவையாறு ஊர்ல கரும்பு வண்டி ஓட்டற அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கு மாட்டு வண்டிக்குக் குடுத்துட்டேன். இப்பத் திருப்பிக் கேட்டா, கரும்பு வெட்டு முடியட்டும்ன்றாங்க. புதுசக் காட்டி மாத்திக்கலாம்னு எடுத்துக்கினு போறேன்."

உறுவையாறு ஸ்டாப்பில் பஸ் நின்றது. ஜன்னலை ஒட்டி, கார் சக்கரம் பூட்டிய கரும்பு வண்டி ஒன்று துளியும் சத்தமில்லாமல் கடந்து போனது.

"அதோ போவுது பாரு உன் காரு," என்றார் கூட்டாளி. "பேசாம பொண்ண அதுலயே ஏத்தி வுட்டுடு."

சக்கரக்காரர் வண்டி வளைவில் திரும்பும்வரை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மொதல்ல கரும்ப எறக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.