பின்பக்கமும் சுடும் பீரங்கி

— உட்காருங்க கர்னல் ஐயா. எவ்வளவு நேரம் நின்னுக்கிட்டே பேசுவீங்க?

— நிக்கிறேன் தம்பி. பென்ஹாலோ வீட்டு ஆளுங்களுக்கு நின்னுதான் பழக்கம். லெப்டினன்ட் பாஸ்கோ, என் நிலத்துல வச்சு என்னையே சுட்டது யாரு? அத மட்டும் சொல்லு.

— உங்க நிலந்தான். ஆனா சண்டை முடியிற வரைக்கும் கடற்படை எடுத்திருக்கு. கயிறு கட்டி, சிவப்புக் கொடி நட்டிருக்கோம். உள்ள எதுக்கு வந்தீங்க?

— காளான் பறிக்க. மழை பெஞ்ச மறுநாள் அந்த மேட்டுலதான் முளைக்கும். கொடி நட்டவன் காளான்கிட்ட சொல்லலியே.

— நாங்க சுட்டது கடலைப் பாத்துங்க, ஐயா.

— அதான் கேக்கறேன். உன் விமானம் கரையில மூக்கைக் கடல் பக்கம் நீட்டிக்கிட்டு நிக்குது. மேடு அதுக்குப் பின்னால இருக்கு. குண்டு அங்க எப்படி வந்துச்சு?

— இது புது தினுசு. மூக்குல மாட்டின நீளக் குழாய், ரெண்டு பக்கமும் வாய். ஜெர்மன்காரனோட நீர்மூழ்கிக் கப்பல மேலருந்து அடிக்க. சாதாரண பீரங்கி சுட்டா உதைக்கும். விமானமோ குச்சியும் துணியும். ஒரே உதையில பிரிஞ்சிரும். அதனால முன்னால போற குண்டுக்குச் சமமா ஈயச் சில்லும் கிரீசும் பின்னால பறக்கும். உதை மிஞ்சாது.

— மிஞ்சுச்சு. மிச்சம் எனக்கு வந்துச்சு.

— காயம் ஏதாவது?

— மேட்டுக்கு வர்றதுக்குள்ள வேகம் செத்துருச்சு. கால்சட்டைதான் போச்சு.

— கிரீஸ் எல்லாம் பின்பக்கமா இருக்கே. குனிஞ்சிருந்தீங்க போல.

— நாக்கை அடக்கு. எங்க வம்சத்துல பின்னால அடி வாங்கினவன் கிடையாது. வெளிய நிக்கிற மீன்காரி லொவேனா அதுக்குள்ள வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா. நாளைக்குக் கார்ன்வால் முழுக்கச் சிரிக்கும். நீ ஊரறியச் சொல்லணும், கர்னல் பீரங்கிக்கு நேரா நெஞ்சைக் காட்டி நின்னாருன்னு.

— அப்ப கிரீஸ் எப்படி அந்தப் பக்கம் போச்சு?

— சுத்திக்கிட்டு வந்திருக்கும். கடலைப் பாத்துச் சுட்டா மேட்டுல விழற பீரங்கிதானே உன்னுது?

— சொல்லிரலாம் ஐயா. ஆனா ஒரு சிக்கல். இது ரகசிய பீரங்கி. குனிஞ்சு காளான் பறிச்சவரு ஒண்ணும் பாக்கல. அவருக்கு ஒரு டீயும் புதுக் கால்சட்டையும் குடுத்து அனுப்பிருவேன். நேரா நின்னவரு எல்லாத்தையும் பாத்திருக்காரு. அவர வேவுக்காரர்னு பிடிச்சு வைக்கணும்.

— எழுதிக்கோ. ரெண்டு பக்கமும் வாய் உள்ள நீளக் குழாய். விமானத்து மூக்குல இருக்கு. பின்வாயில கிரீசும் ஈயமும்.

— இதெல்லாம் இப்ப நான் உங்ககிட்ட சொன்னதுங்க.

— உனக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். பாத்துக்கிட்டே நின்னேன். கண்ணக்கூட சிமிட்டல.

— ஐயா, விளையாட்டு இல்ல. வேவுன்னு முடிவாச்சுன்னா தூக்குக் கயிறு.

— எங்க வீட்டுல மூணு பேரத் தூக்குல போட்டிருக்காங்க தம்பி. ரெண்டு பேரு ராஜாவ எதிர்த்து, ஒருத்தரு பிராந்தி கடத்தி. மூணு பேரு படமும் கூடத்துல மாட்டியிருக்கு. கைவிலங்க மாட்டு. சந்தைத் தெரு வழியாவே கூட்டிட்டுப் போ.