கடைசிக் கைகுலுக்கல்

சுவரில் வயர் தொங்கினால் எனக்குப் பிடிக்காது, மேடம். உங்கள் ஸ்டேஷனில் அந்த மின்விசிறிக்குப் போகும் வயரை நேற்றிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாலு கிளிப் அடித்தால் முடிகிற வேலை. என் வீட்டில் நீங்கள் எடுத்த படங்களைப் பாருங்கள், ஒரு வயர்கூடத் தொங்காது. அப்படி வீட்டை வைத்திருப்பவன் ஆத்திரத்தில் எதையும் செய்கிற ஆள் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் பாண்டுரங்கன். லாரிகளை ஏற்றி நிறுத்தி எடை பார்ப்பார்களே, அந்த எடைமேடைகளைச் சரி பார்த்துக் கொடுப்பது என் தொழில். மாதத்தில் பதினைந்து நாள் சித்தூர், கோலார் என்று வெளியூர்தான். வீடு அமிர்தியைத் தாண்டிக் காட்டை ஒட்டிய நிலத்தில் இருக்கிறது. நானும் என் மனைவி சரிதாவும் மட்டும். கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. நிலத்தில் வேர்க்கடலை போடுவோம். மலையிலிருந்து பன்றி இறங்கும் என்பதால் சுற்றிலும் கம்பி இழுத்து கரண்ட் விட்டிருந்தேன். அது சட்டப்படி தப்பு. அந்தத் தப்பை நான் மறைக்கவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கரண்ட் போட வேண்டும், காலை ஆறு மணிக்கு அணைக்க வேண்டும். நான் ஊரில் இல்லாதபோது சரிதா மறந்துவிடுவாள். ஒரு நாள் மறந்ததில் கால் ஏக்கர் கடலை போனது. போனில் நன்றாகத் திட்டினேன். அவள் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. பதில் பேசாத ஆட்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். மனசுக்குள் எதையாவது வைத்திருப்பவர்கள்தான் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அதற்காகத்தான் வீட்டில் வி.பி.என். போட்டேன். நீங்கள் கைப்பற்றியிருக்கும் அந்த சோப்பு டப்பா அளவுப் பெட்டிதான் அது. நான் கோலாரில் இருந்தாலும் என் போன் வீட்டு வைஃபையில் இருப்பது போல உள்ளே போய்விடும். கேமரா, மோட்டார், வேலி எல்லாவற்றையும் அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம். கேமரா விற்ற கம்பெனியின் ஆப்பே போதும் என்று கடைக்காரன் சொன்னான். என் வீட்டுப் படம் எவனோ ஒருவனுடைய கம்ப்யூட்டர் வழியாக எதற்குப் போக வேண்டும்? என் வீட்டுக்கு வழியை நான்தான் போடுவேன். அந்த வழியில் வர ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி சாவி உண்டு. சாவி என்றால் நீளமான ஓர் எழுத்து வரிசை. என் போனுக்கு ஒன்று, லேப்டாப்புக்கு ஒன்று, சரிதாவின் போனுக்கு ஒன்று. ஒடுகத்தூர் சந்தைக்குப் போனால் கேட்டைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று நானாகவே கொடுத்தேன். அவளால் கேட் கேமராவைப் பார்க்க மட்டும்தான் முடியும். ஸ்விட்சுகள் என் போனில் இருந்தன.

பெட்டிக்குள் ஒரு பட்டியல் உண்டு. எந்தச் சாவி, எந்த நெட்டிலிருந்து, கடைசியாக எப்போது வந்தது என்று அதில் விழும். அதற்குக் கைகுலுக்கல் என்று பெயர். வெளியே இருக்கும் போனும் வீட்டுப் பெட்டியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்ட நேரம். இப்படி ஒரு பட்டியல் இருப்பதை நான் சரிதாவிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

சித்திரையில்தான் கவனித்தேன். நான் ஊரில் இல்லாத நாட்களில், மூன்றரை மணி வாக்கில் அவள் சாவி கைகுலுக்குகிறது. வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த வழியே அவளுக்குத் தேவையில்லை. வெளியே டவர் நெட்டிலிருந்து திறந்தால்தான் பட்டியலில் வரும். வீட்டில் இருக்க வேண்டியவள் வெளியே நின்று தன் வீட்டையே எட்டிப் பார்க்கிறாள். எதற்கு, மேடம்? நான் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டேனா என்று பார்க்கத்தானே?

ஹாலில் அவளுக்குத் தெரியாமல் வைத்திருந்த கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு சித்தூரிலிருந்து போன் செய்தேன்.

"எங்க இருக்க?"

"வூட்டுலதாங்க இருக்கேன்."

"இன்னா பண்ற?"

"தலவலிங்க. ஹால்ல சும்மா படுத்துனு இருக்கேன்."

ஹால் கட்டிலில் யாரும் இல்லை. மடித்த போர்வை மடித்தபடி இருந்தது. மாத்திரை போட்டுக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டேன். கத்தவில்லை.

பன்றியைப் பார்க்க மோட்டார் கொட்டகையில் ஒரு கேமரா வைத்திருந்தேன். அது ரிப்பேர் ஆகிக் கிடந்தது. சரி செய்தேன், அவளிடம் சொல்லவில்லை. அதில் எல்லாம் தெரிந்தது. இரண்டு மணிக்குக் கம்பியைத் தூக்கிக் குனிந்து பக்கத்து நிலத்துக்குப் போவாள், மூன்றரைக்குத் திரும்புவாள். பக்கத்து நிலம் செல்லியுடையது. மலைக்காரப் பெண், புளி வியாபாரம், புருஷன் இல்லை. அவளுக்கு ரஞ்சித் என்று ஒரு தம்பி. படத்தின் ஓரத்தில் அவள் கொடியில் ஒரு நீலச் சட்டை காய்ந்தது. பதினோரு நாள் பார்த்தேன், நாலு நாள் அந்தச் சட்டை இருந்தது. ரஞ்சித் பங்குனியிலிருந்தே குடகில் காபித் தோட்ட வேலையில் இருந்தான் என்று நீங்கள் விசாரித்துச் சொன்னீர்கள். இருக்கலாம். சட்டை இருந்ததே.

இப்போது பல்புக்கு வருகிறேன். வேலியில் கரண்ட் இருந்தால் மோட்டார் கொட்டகை மேல் சிவப்பு பல்பு எரியும். எரியாவிட்டால் தைரியமாகத் தொடலாம். இது சரிதாவுக்கும் தெரியும், செல்லிக்கும் தெரியும். ஆனியில் நான் அந்தப் பல்பைத் தனி ஸ்விட்சுக்கு மாற்றினேன். பல்பு அடிக்கடி போகிறது, அதனால் மாற்றினேன் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது பொய். வேலியில் கரண்ட் ஓடும்போதும் பல்பு அணைந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் மாற்றினேன். சுத்தமான வேலை, நாற்பது நிமிஷம் ஆனது. நான் ஸ்டூல் மேல் நிற்க, அதைச் சரிதாதான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆடி பதினொன்று. கோலாரில் ஒரு கல்குவாரியின் எடைமேடை. சோதனைக்கான எடைக்கல்லை ஏற்றச் சொல்லிவிட்டு நிழலில் நின்றேன். மணி மூன்று முப்பத்தெட்டு. பன்றிக் கேமராவைத் திறந்தேன். சரிதா செல்லி நிலத்துப் பலா மரத்தடிக்கு வந்து நின்று போனை எடுத்தாள். பட்டியலில் அவள் சாவி கைகுலுக்கியது. நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் என் வண்டி இல்லை. போனை ஜாக்கெட்டுக்குள் செருகினாள். வேலிக்கு வந்து கொட்டகையின் மேலே அண்ணாந்து பார்த்தாள். பல்பு எரியவில்லை.

அவள் கை கம்பிக்குப் போகும் முன்பே போனில் வேலி ஸ்விட்சை அழுத்திவிட்டேன். தொட்ட பிறகு அழுத்தியிருந்தால் அது வேறு. முன்னாலேயே அழுத்தியதால் தொடுவதும் தொடாததும் அவள் இஷ்டம்தான். கோலாரிலிருந்து வேலிக்குப் போய்ச் சேர ஒரு நொடிகூட ஆகவில்லை.

செல்லி ஓடி வருவது தெரிந்ததும் அணைத்துவிட்டேன். அதுவரை நாலு நிமிஷம் கரண்ட் ஓடியது. அணைக்காவிட்டால் அவளும் கை வைத்திருப்பாள். அதையும் எழுதுங்கள். பிறகு எடைமேடையைச் சரி பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பத்து கிலோ வித்தியாசம்கூட இல்லை.

என் சாவி வந்த நேரமும் அதில் விழுந்திருக்கிறது, அந்தப் பட்டியலே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று நீங்கள் சொன்னபோது எனக்கு வருத்தமில்லை. சரியாகக் குறித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். சரிதாவைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஆனால் செல்லியின் வாக்குமூலத்தில் ஒரு இடத்தை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு பேரும் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள், வேறொன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். சரி, இருக்கட்டும். அடுத்து நீங்கள் படித்துக் காட்டியதுதான் பொய்.

"அவரு வந்துட்டாரான்னு போன்ல பாத்துட்டுதான் வூட்டுக்குப் போவும். வண்டி நின்னா இங்கயே கைய கழுவினு, மூஞ்சிய தொடச்சினு போவும். அந்தப் பொண்ணு அவருக்கு அம்மாம் பயந்துச்சிங்க."

பயமா? என்னிடமா? ஒன்பது வருஷத்தில் நான் அவளை இரண்டு தடவைதான் அடித்திருக்கிறேன். என் வீட்டில் யாரும் யாருக்கும் பயந்ததில்லை, மேடம். நானே எத்தனையோ தடவை அவளை எதிரில் நிற்க வைத்து, என்னைக் கண்டால் உனக்குப் பயமா என்று கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட அவள் ஆமாம் என்று சொன்னதில்லை.