தோளில் இல்லாத துண்டு

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ரைட்டருக்குக் கழுத்துப் பொத்தான் அறுந்து தொங்குகிறது. ஊசியும் நூலும் இருந்தால் ஒரு நிமிஷ வேலை. என் வாக்குமூலத்தை அவர் எழுதி முடிக்கும்வரை என் கண் அங்கேயேதான் போகும். பதினெட்டு வருஷப் பழக்கம், என்ன செய்வது.

நான் ஹவில்தார் மருதாசலம். திருச்செங்கோட்டுப் பக்கம். ஜெர்மன் சண்டை வந்ததும் சேலத்துக்கு மேற்கே பொட்டலில் கூடாரம் அடித்தார்கள். புதிதாகப் பட்டாளத்தில் சேர்ந்தவர்களை ஆளாக்கும் வேலை என்னுடையது. காக்கி போட்டவன் குடை பிடிக்கக் கூடாது. கடைத்தெருவில் வெற்றிலை மெல்லக் கூடாது. பெரியவர் எதிரே வந்தால் குனியக் கூடாது, நிமிர்ந்து நின்று சலாம் வைக்க வேண்டும். நம் ஊர்க்காரனுக்கு இந்தக் கடைசி ஒன்றுதான் வந்து தொலையாது.

பச்சமுத்து மேச்சேரிக்காரன். முப்பது வயது, ஆடு மேய்த்தவன். நல்லவன்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மேலதிகாரி யாராவது பேசினால் அவன் கை தானாகத் தோளுக்குப் போகும். ஊரில் பண்ணையக்காரர் முன்னால் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற கை அது. காக்கிச் சட்டையின் மேல் ஏது துண்டு? தடவிப் பார்த்துவிட்டு அசடு வழிவான். அணியே சிரிக்கும்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் வெள்ளைக்காரக் கேப்டன் துரை அணிவகுப்பைப் பார்க்க வந்தார். பச்சமுத்துவின் காலில் சுற்றிய பட்டி அவிழ்ந்து கிடந்தது. என்னடா இது என்று கேட்டேன்.

"தெரியாம அவுந்து போச்சுங்க சாமி. இப்பக் கட்டிக்கறேனுங்க சாமி."

நம் பக்கம் பெற்ற பிள்ளையையும் சாமி என்போம், பெரியவரையும் சாமி என்போம். துரைக்கு அது எங்கே தெரியும்? என்ன அர்த்தம் என்று கேட்டார். பட்டணத்துக் குமாஸ்தா ஒருவன், நம் பேச்சு அறியாதவன், கடவுள் என்று சொல்லிவைத்தான். துரை விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து என்னைக் கண்டால் கை கூப்புவார். சமையல்காரன்கூடக் கடவுளுக்கு இன்னும் ரெண்டு ரொட்டி போடு என்றான். பதினெட்டு வருஷம் சேர்த்த மரியாதை ஒரு சொல்லில் போயிற்று.

கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். எனக்குக் கோபம் வருவதில்லை.

மறுநாள், நல்ல சித்திரை வெயில். காலை பத்து மணிக்கு அவனைத் தனியாக மைதானத்தில் விறைப்பாக நிறுத்தினேன். கம்பளிக் கோட்டு, முதுகில் மூட்டை. ஒரு குவளைத் தண்ணீரை அவன் கண்ணெதிரே கல்லின் மேல் வைத்தேன். சார் என்று கூப்பிட்டுக் கேள், தருகிறேன் என்றேன். நியாயமான பேச்சுத்தானே. பிறகு வேப்பமர நிழலில் ஸ்டூலைப் போட்டு, என் பெல்ட்டின் பித்தளையைத் துலக்க உட்கார்ந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு, தண்ணி குடுங்க சாமி என்றான். எனக்குக் காது கேட்கவில்லை. ஒரு மணிக்கு வெறும் சாமி, சாமி என்றே சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் அசையவில்லை. குதிகால் இரண்டும் சேர்ந்து, கட்டைவிரல் கால்சட்டைத் தையலில் பதிந்து, அப்படி ஒரு நிற்பு. கை ஒரு தடவைகூடத் தோளுக்குப் போகவில்லை. எனக்குப் பெருமையாகவே இருந்தது.

வெயில் தாக்கிச் செத்தான் என்று டாக்டர் எழுதினார். கடைசிவரை அடம்பிடித்தான், சார் என்று சொல்லவே இல்லை என்று நான் எழுதிக் கொடுத்தேன். அது பொய். இரண்டு மணிக்குச் சொன்னான். நாக்குத் தடித்திருந்தது, ஆனாலும் சார் என்று திருத்தமாகத்தான் சொன்னான். எழுந்து குவளையை எடுத்துக்கொண்டு போனேன். கிட்டே போய்ப் பார்த்தால் கழுத்துப் பொத்தான் கழன்றிருந்தது. போட்டுக்கொள் என்றேன். விரல் மடங்கவில்லை அவனுக்கு. தண்ணீரை அவன் பூட்சுக்குப் பக்கத்தில் ஊற்றினேன். பொத்தானை நானே போட்டுவிட்டேன். அதற்கப்புறம்தான் விழுந்தான்.

மூன்றாம் நாள் அவன் பெண்சாதி கந்தம்மாள் வந்தாள். முகாமில் சேர்ந்த அன்று அவன் தோளிலிருந்து நான் எடுத்துவைத்த துண்டு என்னிடம் இருந்தது. மடித்துக் கொடுத்தேன். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் காலடியில் குனிந்தாள்.

"கடைசி நேரத்துல நீங்கதான் பக்கத்துலயே இருந்தீங்களாமா. எங்களுக்கு நீங்கதானுங்க சாமி."

அவள் காக்கி போட்டவள் அல்ல. அதனால்தான் அந்தச் சொல்லை நான் திருத்தவில்லை.