இரண்டு நொடி பிந்திய சிரிப்பு

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ். முன் சீட்டில் மடியில் மஞ்சள் பையோடு ஒரு பெரியவர். அவர் பக்கத்தில் இருந்தவர் கம்ப்யூட்டர் கடைக்காரர் என்பது பேச்சில் தெரிந்தது. எதற்கும் பயப்படுகிறவன் நான். ஆனாலும் காதைத் திருப்ப முடியவில்லை.

"தம்பி, செத்துப்போன எம் பொண்டாட்டி ரெண்டு நொடி பிந்திச் சிரிக்கிறா."

"என்னண்ணே சொல்றீங்க?"

"அவ படுக்கையில கெடந்தப்ப ரூமு கம்ப்யூட்டர்லயே டிவி பாக்க ஒரு டிவி கார்டு போட்டுக் குடுத்தல்ல? நான் ஹால் டிவியில காமெடி பாத்துச் சிரிப்பேன். ரெண்டு நொடி கழிச்சு அவ உள்ள சிரிப்பா. அவ போன பெறகும் அதை ஓட விட்டிருந்தேன். சிரிப்பு அப்படியே வருது."

கடைக்காரர் சிரித்துவிட்டார். "அது படத்துல சிரிக்கிற சத்தம்ண்ணே. கம்ப்யூட்டரு பதிவு பண்ணிப் பண்ணிக் காட்டும், அதான் பிந்துது. அந்தப் பதிவை நிறுத்துனா டிவியோட ஒண்ணா ஓடும்."

"நிறுத்திட்டேன். படம் ஒண்ணாத்தான் ஓடுது. சிரிப்புதான் பிந்துது. பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வருது, அந்த ரூமுலதான் படுக்கணும்."

"அட, கார்டையே கழட்டிப் போடுங்கண்ணே. பயம் விட்டுச்சு."

பெரியவர் மஞ்சள் பையை விரித்துக் காட்டினார். உள்ளே அந்தக் கார்டு இருந்தது.

"முந்தாநேத்தே கழட்டிட்டேன். இன்னைக்குக் காலையில ஹால்ல டிவி பாக்கறப்ப தெரியாம சிரிச்சுட்டேன், தம்பி. ரெண்டு நொடி கழிச்சு அவளும் சிரிச்சா."