கடைசியாக எப்போது, அதற்கு முன்னால் எப்போது?

மேடையில் வீற்றிருக்கும் நம் மொழிபெயர்ப்புப் பிரிவின் தலைவர் வெனியமின் அவர்களே, தாயை இழந்து நிற்கும் உலியானா அவர்களே, மறைந்தவருக்கென்று நிரப்பி ரொட்டித்துண்டால் மூடிவைத்த அந்தக் கோப்பையையும் அதன் பின்னால் இருக்கும் படத்தையும் பார்த்தபடி அமர்ந்திருக்கும் ஆர்காங்கெல்ஸ்க் நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் ரோதியோனின் வணக்கம்.

இன்று நாற்பதாம் நாள். மூத்த மொழிபெயர்ப்பாளர் செராஃபிமா ஸகாரொவ்னா இல்லாத நாற்பது நாள்.

நோயாளிகளின் கடிதங்களை ஆங்கிலமாக்கி வெளிநாட்டு மருத்துவர்களுக்கு அனுப்புவது நம் வேலை. எங்கே வலிக்கிறது என்பதை எழுதிவிடலாம். எத்தனை தடவை வலிக்கிறது என்பதை எப்படி எழுதுவது? ‘எப்பவாவது’, ‘இருந்திருந்து’, ‘அப்படியொண்ணும் அடிக்கடி இல்ல’ என்பார்கள் நம்மவர்கள். ரஷ்யர் ஒருவர் ‘எப்போதாவது’ என்று சொன்னால், என்னை நினைத்துக் கவலைப்படாதே என்று பொருள். அது நமக்குத் தெரியும். ஆங்கிலத்தில் படிக்கும் மருத்துவருக்குத் தெரியுமா? அவர் அதை அப்படியே நம்பி, அடுத்த வசந்தத்தில் பார்க்கலாம் என்று எழுதிவிடுவார்.

இதற்கு அகராதி போதும் என்று இருபது வருடம் நம்பியவன் நான். செராஃபிமா நம்பியது தொலைபேசியை. அவர் இரண்டே கேள்விகள் கேட்பார். கடைசியாக எப்போது? அதற்கு முன்னால் எப்போது?

கல்லீரல் கெட்டுப்போன மீன்பிடிக் கப்பல் தலைவர் ஒருவரை இங்கே பலருக்கு நினைவிருக்கும்.

“பண்டிகைக்கு மட்டும்தாங்க குடிப்பேன்” என்றார் அவர்.

“கடைசிப் பண்டிகை எது?”

“நேத்து. வானிலைக்காரங்க தினம்.”

“நீங்க வானிலைக்காரரா?”

“இல்லைங்க. கடல்ல அவங்களை நம்பித்தானே பொழைக்கிறோம்?”

“சரி, அதுக்கு முன்னாடி?”

அன்று, ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு தினம் குறித்திருக்கும் நம் நாள்காட்டியை விரித்து வைத்துக்கொண்டு இருவரும் எண்ணினார்கள். எல்லைக் காவலர் தினம், தபால்காரர் தினம், கணக்காளர் தினம் என்று ஒன்று விடாமல் வந்தது. செராஃபிமா சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் ‘வாரம் மூன்று முறை’ என்று எழுதினார்.

‘எழுதியதை மாற்ற நாம் யார்?’ என்று நம்மில் சிலர் முணுமுணுத்தோம். முணுமுணுத்தவர்களில் நானே முதல் ஆள். “நான் எங்க மாத்துறேன்? அவரைத்தானே கேட்டு எழுதுறேன்” என்பார் செராஃபிமா. அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

நண்பர்களே, பதினொரு வருடத்துக்கு முன் என் மேசைக்கு ஒரு கடிதம் வந்தது. என் மனைவி தமாரா எழுதியது. ‘எப்போதாவது தலை சுற்றி மயக்கம் வருகிறது.’ நானே ஆங்கிலமாக்கினேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை. சரிபார்த்த செராஃபிமா பென்சிலைக் கீழே வைத்தார். என் வீட்டு எண்ணைச் சுழற்றினார். அந்தப் பழைய தொலைபேசியில் எதிர்முனையில் பேசுவது பக்கத்து மேசைவரை கேட்கும்.

“தமாரா, கடைசியா எப்போ மயக்கம் வந்துச்சு?”

“இப்பதான், துணி காயப்போடும்போது. லேசாத்தாங்க.”

“அதுக்கு முன்னாடி?”

“காலையில, முட்டைக்கோஸ் நறுக்குறப்போ.”

“அதுக்கு முன்னாடி?”

“நேத்து பஸ்ல. அவர்கிட்ட சொல்லிடாதீங்க.”

செராஃபிமா என் பக்கம் திரும்பினார். “ரோதியோன் பாவ்லிச், உங்க வீட்டுல எப்பவாவதுன்னா ஒரு நாளைக்கு ரெண்டு தடவையா?”

ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிடுகிறவன் நான் ஏன் கேட்கவில்லை? கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். ‘எப்போதாவது’ உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேறு காரணம் இல்லை.

தேதியும் நேரமும் போட்ட பட்டியலோடு கடிதம் போனது. மூன்றாம் நாள் பதில் வந்தது: ‘ஒரு வாரம்கூடத் தாமதிக்காதீர்கள். இதயத்துக்கு பேஸ்மேக்கர் வையுங்கள்.’ வைத்தோம். நீங்கள் சற்றுமுன் சாப்பிட்டீர்களே, அந்த முட்டைக்கோஸ் பணியாரம் தமாரா சுட்டது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். என்னை முறைக்கிறாள்.

உலியானா, இப்படிப்பட்ட கூட்டத்தில் வழக்கமாக என்ன சொல்வார்கள்? உங்கள் அம்மாவை அடிக்கடி நினைப்போம் என்பார்கள். அதை இந்த மேடையில் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. படத்திலிருந்தே பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்.

ஆகவே கணக்காகச் சொல்கிறேன். அவர் மேசையிலிருக்கும் தொலைபேசியை அங்கிருந்து அகற்றமாட்டோம். தினமும் பத்து முதல் நான்கு வரை நம்மில் ஒருவர் அங்கே உட்காருவார். நாளை நான். நோயாளியைக் கேட்காமல் ஒரு ‘எப்போதாவது’கூட இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகாது. இது உறுதி.

அவரை நினைப்பதைப் பற்றியும் கேட்பார், அதையும் சொல்லிவிடுகிறேன். கடைசியாக எப்போது? இன்று காலை, தமாரா மாவு பிசையும்போது முணுமுணுத்த பாட்டைக் கேட்டு. அதற்கு முன்னால்? நேற்று, அவள் என்னைவிட வேகமாக மாடிப்படி ஏறியபோது. அதற்கு முன்னால்? செராஃபிமா ஸகாரொவ்னா, பட்டியல் பதினொரு வருடம் நீளும்.