ஆறும் ஒம்பதும்

டிகிரி: டைட்டில்ல ஒரு பேரு சேக்கணும் சார்.

மேனேஜர்: யம்மா டிகிரி... டிஸ்க்குக்குப் பேட்டி ரெக்கார்டிங் நடுவுல என்ன இது? டைரக்டர் சார் இப்பத்தான் மூடுக்கு வந்தாரு.

டிகிரி: எங்க வேணா சண்டை போடு, இதை மட்டும் கேக்காதன்னு வீட்ல சத்தியம் வாங்கியிருக்காங்க. கேட்டுட்டேன்.

டைரக்டர்: யாருய்யா இந்தப் பொண்ணு?

மேனேஜர்: நம்ம பழைய படத்தை டிஸ்க்குக்காகக் கம்ப்யூட்டர்ல சுத்தம் பண்ணின பொண்ணு சார். அவங்க வீட்டுலயே மொத பட்டதாரி. அதான் ஆபீஸ்ல எல்லாரும் டிகிரின்னே கூப்பிடுறது. வாய் மட்டும் கொஞ்சம்...

டிகிரி: நீளம். எட்டு மாசம், பன்னெண்டு ரீல். ஒவ்வொரு கீறலா எடுத்தேன்.

டைரக்டர்: கடைசியில பொடி எழுத்துல இவ பேரைப் போட்டுத் தொலைங்கய்யா. ஆசைப்படுது.

டிகிரி: என் பேரு வேணாம்.

மேனேஜர்: அப்புறமா பேசலாம், உக்காரு. சார், மைக் ஓடுது. விட்ட எடத்துலருந்து... நாலு பேரு, ஒரு ஓட்டை வேன். ராக் அண்ட் ரோல் போட்டிக்குப் போறாங்க. பாதிப் படத்துலயே மேடை ஏறி, தக்காளியில அடி வாங்கித் தோத்துடுறாங்க. அதுக்கப்புறமும் அதே போட்டிக்குப் போய்க்கிட்டே இருக்காங்க! முப்பது வருஷமா ரசிகர்கள் இதுக்குத்தான் உசுரை விடுறாங்க. இந்த யோசனை எப்படி சார் வந்துச்சு?

டைரக்டர்: அன்னைக்குக் குளிச்சிட்டிருந்தேன்...

மேனேஜர்: போன பேட்டியில ரயில்ல போறப்பன்னு சொன்னீங்க.

டைரக்டர்: ரயில்ல குளிக்கக் கூடாதா? எழுதிக்கோ. "காலம் என்பது நேர்கோடு அல்ல. அது ஓட்டை வேன்."

மேனேஜர்: அடடா! டிஸ்க் அட்டையில போட்டுடலாம்.

டிகிரி: எடமில்ல சார். ஏற்கெனவே "மேதை" மூணு தடவை வந்துருச்சு.

மேனேஜர்: ஏய்... சரி, ஒப்புதல் தாள் என்னாச்சு? காலையிலயே சார்கிட்ட கையெழுத்து வாங்கச் சொன்னேனே?

டிகிரி: வாங்கிட்டேன். உங்க கையெழுத்தும்தான். டீ ஆறுறதுக்குள்ள படத்தோட சேத்து டிஸ்க் அடிக்கிற ஃபேக்டரிக்கு அனுப்பிட்டேன்.

மேனேஜர்: பாருங்க சார், வாய்தான் அப்படி. வேலை சுத்தம்.

டிகிரி: ஒரே ஒரு சந்தேகம் சார். தக்காளி சீன் எத்தனாவது ரீல்?

டைரக்டர்: ஆறு. இது கூடத் தெரியாம எட்டு மாசம் என்ன பண்ணின?

டிகிரி: ஃபிலிம் ஓரத்துல ஒம்பதுன்னு இருக்கு. உங்க உதவியாளர் கையெழுத்து. ஆறுன்னு எழுதின ஃபிலிம்ல வேனைத் தள்ளுறாங்க.

மேனேஜர்: என்ன சார் இது?

டைரக்டர்: அது... மனசுக்குள்ள ஒரு வரிசை, ஃபிலிம்ல ஒரு வரிசை. கலைன்னா அப்படித்தான்.

டிகிரி: நீங்க எடுத்த வரிசையில பாத்தேன் சார். கிளம்புறாங்க, வேனைத் தள்ளுறாங்க, போறாங்க, தோக்குறாங்க, வீட்டுக்கு வர்றாங்க. எழவு வீட்டு வீடியோ கூட அதைவிடக் கலகலப்பா இருக்கும்.

மேனேஜர்: டிகிரி! மைக் ஓடுது!

டிகிரி: ஓடட்டும். யாரு மாத்தினது சார்?

டைரக்டர்: லேப்ல நடந்த தப்பும்மா. அங்க ஃபிலிம் வெட்டி ஒட்டுற பொம்பள ஒருத்தி. தியேட்டர்ல ஓட்டுற வரிசைக்கு டப்பா மேல நம்பர் ஒட்டுறதும் அவதான். ஆறு எது, ஒம்பது எதுன்னு தெரியாத படிக்காதவ. டப்பாவைத் தலைகீழா வச்சுக்கிட்டு மாத்தி ஒட்டிட்டா. ரிலீஸ் அன்னைக்குக் காலையிலதான் எனக்கே தெரியும்.

மேனேஜர்: அப்ப அந்த நேர்கோடு... ஓட்டை வேன்...

டைரக்டர்: நீ சும்மா இருய்யா.

டிகிரி: தெரிஞ்சதும் என்ன பண்ணீங்க?

டைரக்டர்: என்ன பண்ணுவேன்? லேபுக்குப் போனேன். கத்தினேன். அவளை அன்னைக்கே வெளிய அனுப்பச் சொன்னேன்.

டிகிரி: மத்தியானம் தியேட்டர்ல?

டைரக்டர்: சிரிப்புல கூரை பிச்சுக்கிட்டுப் போச்சு.

டிகிரி: அதுக்கப்புறம் அவங்களத் திரும்பக் கூப்பிட்டீங்களா?

டைரக்டர்: தப்புக்கு யாரும்மா மாலை போடுவா? குருட்டுப் பூனை விட்டத்துல பாஞ்ச மாதிரி... ஏதோ அமைஞ்சுது. அதைப் போய்...

டிகிரி: குருட்டுப் பூனைக்கு நம்பர் நல்லாவே தெரியும் சார். எழுத்துதான் தெரியாது. பஸ்ஸை நம்பர் பாத்துத்தான் ஏறுவாங்க. அந்தப் பஸ்ஸுலதான் என்னைய இடுப்புல வச்சுக்கிட்டு லேபுக்குப் போவாங்க.

மேனேஜர்: உன்னையா? ஏய்... அப்ப அது...

டிகிரி: எங்க அம்மா.

டைரக்டர்: அவ பொண்ணா நீ?

டிகிரி: தப்பா ஒட்டலை சார். வேணும்னேதான் ஒட்டினாங்க. மேஜையில துண்டு துண்டாப் பாத்திருக்காங்க, எங்கயும் சிரிப்பு வரல. "ஜெயிக்கப் போறவன் வண்டி தள்ளினா அது உழைப்பு. தோத்தவன் தள்ளினாத்தான்டி சிரிப்பு"ன்னாங்க. நம்பரை மாத்தி ஒட்டிட்டாங்க. அவ்வளவுதான்.

டைரக்டர்: வேணும்னேவா? என் படத்துல கை வைக்க அவ யாரு?

டிகிரி: பாத்தீங்களா? இப்படிக் கேப்பீங்கன்னுதான் பேரைக் கேக்காதன்னாங்க. தப்புன்னா வேலை மட்டும் போகும், வேணும்னேன்னா போலீஸ் வரும்னு பயம். அப்புறம் தையல் கம்பெனியில காலர் ஒட்டினாங்க. அங்கயும் ஒட்டுற வேலைதான். என் காலேஜ் ஃபீஸ் பூரா காலர்தான்.

மேனேஜர்: சார்... ஒரு பேருதானே. "நன்றி"ன்னு கடைசியில...

டிகிரி: நன்றி இல்ல. "படத்தொகுப்பு". உங்க பேருக்குப் பக்கத்துல. இந்தாங்க, சீட்டுல எழுதியிருக்கேன்.

டைரக்டர்: எடு அந்தச் சீட்டை! முப்பது வருஷம் மேடை மேடையாப் பேசியிருக்கேன். ரெண்டு பேரு ஆராய்ச்சி பண்ணிப் பட்டம் வாங்கியிருக்காங்க. இப்ப ஒரு படிக்காதவதான் பண்ணினான்னு போடணுமா? நான் எடுத்தது என் படம். மொதல் அடியிலருந்து கடைசி அடி வரைக்கும் என் படம்!

டிகிரி: கடைசியாச் சொல்லுங்க சார். பேரு வராதா?

டைரக்டர்: வராது.

டிகிரி: சரி.

மேனேஜர்: என்னது, சட்டுனு "சரி"ங்கிற? ஏன் அடையாள அட்டையைக் கழட்டுற? பையை ஏன் எடுக்குற?

டிகிரி: ராஜினாமா கடிதம் மைக் ஸ்டாண்டுக்குக் கீழ இருக்கு சார். காலையிலயே வச்சுட்டேன்.

மேனேஜர்: அடிப்பாவி... டிஸ்க் வேலை?

டிகிரி: அது முடிஞ்சுருச்சு. டைரக்டர் சார், காலையில கையெழுத்துப் போட்டீங்களே, அந்தத் தாள்ல என்ன இருந்துச்சு?

டைரக்டர்: ஏதோ ஒப்புதல்... நீதானே நீட்டின?

டிகிரி: படிச்சீங்களா?

டைரக்டர்: ...பிஸ்கட் சாப்பிட்டுக்கிட்டிருந்தேன்.

டிகிரி: மேனேஜர் சார்?

மேனேஜர்: சார் போட்டாரேன்னு நானும்...

டிகிரி: "ரீல் ஒன்று முதல் பன்னிரண்டு வரை, இயக்குநர் படமாக்கிய எண் வரிசைப்படி." பெரிய எழுத்துலதான் இருந்துச்சு. படிக்காதவங்க எங்க அம்மா மட்டும் இல்ல போல.

மேனேஜர்: ஐயோ! சார், அப்ப ஃபேக்டரியில இருக்கிறது... அந்த எழவு வீட்டு வீடியோவா?

டிகிரி: இனிமே முழுக்க உங்க படம் சார். எங்க அம்மா கை ஒரு அடி கூடப் படாதது.

டைரக்டர்: நிறுத்தச் சொல்லுய்யா! போனைப் போடு! ஏ பொண்ணு, நில்லு... நிறுத்தணும்னா என்ன பண்ணணும்?

டிகிரி: வரிசையை மாத்தச் சொல்லி ஃபேக்டரி ஃபாரத்துல நீங்க எழுதிக் குடுக்கணும். யாரு போட்ட வரிசைன்னு அதுல ஒரு கட்டம் இருக்கு, காலியா விட்டா எடுத்துக்க மாட்டாங்க. பேருல எழுத்துப்பிழை வந்துறப் போகுது சார்... அந்தச் சீட்டைப் பாத்து எழுதுங்க.